சத்தம் போடாத பெட்டி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயிற்று, நீயும் சொல்லியாயிற்று. அந்தப் போனில் நீ என்னிடம் இரண்டு காரியம் கேட்டாய். நம் கம்ப்யூட்டர் பெட்டியில் ஏற்றி வைத்திருக்கிற பழைய பாட்டுகளை சிடியில் எழுதி அனுப்பச் சொன்னாய். நாலு வயதில் நீ கத்துவது நடுவில் கேட்குமே, அந்த ஏழாவது பாட்டு கட்டாயம் வேண்டும் என்றாய். அது ஒன்று. தையில் நீ கட்டிக்கொள்ளப் போகிற கல்பனாவிடம் இரண்டே வருஷத்தில் மெட்ராஸுக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறாய், ஆனால் அமெரிக்காவிலேயே தங்கிவிடுவதாக முடிவு செய்துவிட்டாய், கல்யாணம் முடிகிற வரை நானும் அந்த இரண்டு வருஷக் கதையையே சொல்ல வேண்டும். இது இன்னொன்று. "சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்மா" என்றாய். முதல் காரியத்தை முடித்துவிட்டேன், சிடி இந்தக் கடிதத்தோடு வருகிறது. இரண்டாவதைச் செய்ய மாட்டேன். ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், சமாதானம் சொல்வாய். அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

பெட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். பழைய எக்ஸ்சேஞ்ச் அறை எப்படி இருக்கும் என்று நீ சின்ன வயதில் ஒருமுறை வந்து பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாய். ஊரில் யார் எங்கே நம்பர் சுழற்றினாலும் அங்கே இரும்புச் சட்டங்கள் தடதடவென்று ஏறி இறங்கும். பதினோரு ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்தி. அத்தனை இரைச்சலிலும் எந்தச் சட்டம் சரியாக விழவில்லை என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். புது எலெக்ட்ரானிக் மெஷின் வந்து அறை அமைதியான பிறகும் என் காதுக்குள் அந்தத் தடதடப்பு அடங்கவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எனக்குக் கோபம் வரும். அதனால்தான் போன வருஷம் தீபாவளி முடிந்ததும் நீ ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் வைக்கலாம், என் கேசட்டையெல்லாம் அதில் ஏற்றலாம், சிடி போட்டு டிவியில் படம் பார்க்கலாம் என்று ஆரம்பித்தபோது, இரைச்சல் வந்தால் தூக்கி வாசலில் வைத்துவிடுவேன் என்றேன். "அப்போ இரைச்சலே வராத மாதிரி நீயே செஞ்சு குடும்மா. உனக்குத் தெரியாததா" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். வீட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆபீசில் நான் டெக்னீஷியன், வீட்டில் சாம்பார் வைக்கிறவள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் பஸ் பிடித்து கம்ப்யூட்டர் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம். சத்தம் போடாத ஃபேன் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா நீ, சுத்துனா சவுண்டு வரத்தான் செய்யும். சவுண்டு வேணாம்னா கைவிசிறி வாங்கிக்கினு போ" என்றார். நீ கடை வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சாதாரண ஃபேனையே வாங்கி வந்து, பன்னிரண்டு வோல்ட்டில் சுற்ற வேண்டியதை ஒயரை மாற்றிப் பற்றவைத்து ஏழு வோல்ட்டில் மெதுவாகச் சுற்றவிட்டேன். ஹார்ட் டிஸ்க் பெட்டியின் இரும்பில் உட்கார்ந்து உறுமியது. அதைக் கழற்றி, சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டித் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். உள்பக்கம் முழுவதும் பழைய கம்பளியை வெட்டி ஒட்டினோம். சூடு ஏறுகிறதா என்று ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து அதை உடைத்தவன் நீ. கடைசியில் படம் பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது என்று முன்னால் எரிகிற பச்சை விளக்கின் மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டினாய். அதன் பிறகு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிய ஒரே வழிதான், அதன் தலையில் கை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் ஓடுகிறது. உன் அப்பா தினம் பத்துத் தடவை வைத்துப் பார்த்து, "அட, ஓடுதே" என்பார். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மூன்று மாதம் அது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ எதைத் தொட்டாய் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ஃபேன் சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்க்க நான் ஒரு மைக்கை வாங்கி ஷோகேஸ் ஓரத்தில் ஒட்டி வைத்தேன், நினைவிருக்கிறதா? அளந்து முடித்த பிறகு அதைப் பிடுங்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அதை அணைக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் ஒரு டிக் போட வேண்டும். நான் போடவில்லை. இத்தனை வருஷம் ஊரார் பேச்செல்லாம் எந்த ஒயரில் போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தவள், என் வீட்டு ஒயரை விட்டுவிட்டேன். பொங்கலுக்குப் பிறகு தினம் ஒரு பக்கம் என்று கேசட்டுகளை ஏற்ற ஆரம்பித்தேன். டேப்பை ஓடவிட்டு, ஷோகேஸ் கதவைச் சாத்தி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். பாட்டு யார் காதிலும் விழாமல் டேப்பிலிருந்து பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு உத்தரவு வந்தது. இரண்டு தடவை பரீட்சை எழுதித் தோற்று, மூன்றாவது தடவை தேறி வாங்கிய பதவி உயர்வு. டெக்னீஷியன் போய் அதிகாரி. கோயமுத்தூரில் போஸ்டிங். பதினைந்து நாளில் பதில் எழுத வேண்டும். அப்பாவிடம் கேட்டேன், "உன் இஷ்டம்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். உன்னிடம் கேட்டேன். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், நீ அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாய். "போகாதேம்மா. நான் எங்கேயும் போகப் போறதில்ல, இங்கேதான் இருப்பேன். இன்னும் ரெண்டு வருஷத்துல மெட்ராஸ்லயே அடுத்த சான்ஸ் வரும். பெட்டியில கேசட் ஏத்தறதும் பாதியில நிக்குது, நீ போயிட்டா யார் முடிக்கறது?" என்றாய். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போய், குடும்ப சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீசில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். பையன் கேட்டுக்கொண்டான் என்றேன், பெருமையாக. அப்படித்தான் சொன்னேன், பெருமையாக.

மூன்று வாரத்தில் நீ அமெரிக்காவுக்குக் கிளம்பினாய். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் முழிக்குமாம், அதைச் சரி செய்ய ஆள் எடுக்கிறார்களாம். "திடீர்னு வந்துடுச்சும்மா, நானே எதிர்பார்க்கல" என்றாய். நம்பினேன். பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் திரித்தேன், உன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன், மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை அசைத்தேன். என் கோயமுத்தூர் வேலை கைவிட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், மின்சாரம் போய் வந்த பிறகு, ஏற்றி வைத்த பாட்டுகளை முதல் தடவையாக வரிசையாகப் போட்டுக் கேட்டேன். அந்தக் கேசட்டெல்லாம் ரேடியோ முன்னால் டேப்பை வைத்துப் பிடித்தவைதானே, பாட்டோடு நம் வீடும் கேட்கும். குக்கர் விசில், பால்காரர் மணி, எல்லாம் இருக்கும். ஏழாவது, அந்த நாகஸ்வரம். நடுவில் நாலு வயது நீ, "அம்மா, நான் ஒளிஞ்சுக்கிட்டேன், தேடு" என்று கத்தினாய். சிரித்தேன். அதற்கு அடுத்தாற்போல் யாரோ பேசுவது கேட்டது. அதுவும் பழைய டேப்பில் இருப்பது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அது உன் குரல் என்று தெரிந்தது, இப்போதைய குரல். பாட்டு ஏறும்போது அந்த மைக் ஹால் பேச்சையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஃபேன் இரைந்திருந்தால் அமுங்கிப் போயிருக்கும். நான்தான் இரைச்சலை எடுத்துவிட்டேனே, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் கேட்டது.

"விசா வந்து ஒரு வாரம் ஆச்சு. அவகிட்ட எப்போடா சொல்லப் போறே?" இது அப்பா.

"இப்போ வேணாம்பா. இப்போ சொன்னா அம்மா கோயமுத்தூர் கிளம்பிடுவா. அப்புறம் உங்களுக்கு யார் சமைச்சுப் போடறது?"

"ரொம்ப ஆசையா இருக்காடா."

"நான் பேசிக்கறேன். நான் இங்கேயே இருக்கேன்னு நினைச்சா அம்மா போக மாட்டா. அவ எழுதிக் கொடுத்தப்புறம் திடீர்னு வந்துதுன்னு சொல்லிக்கலாம். அதான் பெட்டி இருக்கே. அம்மாவுக்குப் பொழுது போயிடும்."

பிறகு டம்ளர் வைக்கிற சத்தம். பிறகு வாசலில் என் செருப்புச் சத்தம், நான் மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். உடனே உன் குரல், "என்னம்மா, முருங்கைக்காய் கிடைச்சுதா?" அதே குரல், மகனே. ஒரு தடுமாற்றம் இல்லை. மற்றதையெல்லாம்விட அந்த முருங்கைக்காயைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த நாள் காலையில்தான் நீ அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று போகாதே என்றாய்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். நம் வீட்டில் அந்தக் காதை வாங்கி ஒட்டி வைத்தவளே நான்தான். அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூடவே இருந்து குழி பறிப்பது என்று மற்றவர்களைப் பற்றிச் சொல்வோம், அது நம் வீட்டு ஹாலில் காபி குடித்துக்கொண்டே நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீ அமெரிக்கா போனதில் எனக்குக் கோபம் இல்லை. கேட்டிருந்தால் நானே அனுப்பியிருப்பேன். என் பதவி உயர்வு போனதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். அழும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போல எனக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தாயே, அதை எப்படி மறப்பது? நான் அதை நாம் இருவரும் சேர்ந்து செய்த வேலை என்று நினைத்திருந்தேன். சைக்கிள் டியூபை வெட்டும்போது எனக்கு விரலில் கத்தி பட்டது. நீ வாயருகே வைத்து ஊதினாய். அப்போதே உனக்கு அமெரிக்கா போவது தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு கேள்வியைத்தான் ஐந்து மாதமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விசா எப்போது வந்தது என்று தெரியும், நீ எப்போது விண்ணப்பித்தாய் என்று தெரியாது. அதை எனக்கு எழுது.

அப்பாவை உட்கார வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். முழுவதும் கேட்டார். எழுந்து போய்ப் பெட்டியின் தலையில் கை வைத்துப் பார்த்தார், இப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று. எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் நான் பயந்தேன்" என்றார் கடைசியில். தி.நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் பேரம் பேசின மனுஷன், ஒரு ரசத்துக்காக என்னை விற்றிருக்கிறார். இன்றைக்கும் ஹாலில் யாராவது ரகசியம் பேச வந்தால் அவர் முதலில் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

இப்போது என் குற்றத்தையும் சொல்கிறேன். நீ பன்னிரண்டாவது முடித்தபோது உனக்குத் திருச்சியில் நல்ல காலேஜில் இடம் கிடைத்தது. போக வேண்டும் என்று துடித்தாய். எனக்கு அப்போது முழங்கால் வலி என்று சொல்லி, மாடிப்படி ஏற முடியாமல் நடந்து காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? வலி இருந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. நீ திருச்சியை விட்டுவிட்டுக் கிண்டி காலேஜுக்குத் தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாய். நீ சேர்ந்து ஒரு மாதத்தில் எனக்கு வலி சரியாகிவிட்டது. நீ அதைக் கவனித்தாய். ஒருவரைப் போகவிடாமல் நிறுத்த எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று நீ வெளியில் போய்க் கற்கவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பத்து வருஷம் தாமதம்தான், ஆனால் கேட்கிறேன். ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சாப்பிட்டாயா, குளிராக இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தேனே, அதுவும் பொய்தான். அதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

இனி கல்பனா. போன வெள்ளிக்கிழமை கபாலீஸ்வரர் கோயிலுக்கு வந்தவள் நம் வீட்டுக்கும் வந்தாள். அடையாறில் அவள் பாடம் நடத்துகிற காலேஜில் இரண்டு வருஷம் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு நாள் ஆனாலும் வேலை போய்விடுமாம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "ரெண்டு வருஷத்துல கட்டாயம் வந்துடுவோம், இல்ல அத்தை?" என்று கேட்டாள். என்னைப் போல அரிசி களைந்துகொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நீ கேட்டுக்கொண்டபடி ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். என் வாயில் வரவில்லை. "அதை அவன்தான் சொல்லணும்மா. உனக்கு எழுதுவான், கொஞ்சம் பொறு" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், அடுத்த தடவை விடமாட்டாள். அப்போது நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. அவள் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வருகிறேன் என்று சொன்னாலும் சொல்வாள், கல்யாணமே வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வாள். எதுவானாலும் அதை அவள் சொல்லட்டும். அவளுக்காக நீ கணக்குப் போடாதே. அவள் உன்னைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்து, அங்கே ஒரு சாயங்காலம் தற்செயலாகத் தெரிந்துகொண்டால், அவளுக்கு உட்கார்ந்து அழ இந்த ஹால்கூட இருக்காது.

சிடி விஷயம். ஹார்ட் டிஸ்க்கைத் தூளியிலிருந்து அவிழ்த்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தி.நகர் போனேன். சிடி எழுதித் தருகிற கடைக்காரர் ஒவ்வொரு பாட்டையும் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தார். ஏழாவது வந்ததும் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, "மேடம், இதுல நடுவுல யாரோ பேசிக்கினு கீறாங்க. தெளிவா விழுந்துக்கீது. கட் பண்ணிடவா?" என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், என் பையன் குரல்தான் என்றேன். "ஓ, ஞாபகார்த்தமா" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்கும்போது நிறுத்தாமல் கேள், முருங்கைக்காய் வரை கேள்.

கடைசியாக ஒரு செய்தி. பதவி உயர்வுக்கு என் பெயரை மறுபடியும் பரிசீலிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். உத்தரவு வந்துவிட்டது, அதே கோயமுத்தூர். வருகிற திங்கட்கிழமை போய்ச் சேருகிறேன். கல்யாணம் நடந்தால் லீவு போட்டு வருவேன். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டார். எலுமிச்சை அளவு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பக் கொண்டுவந்து தூளி கட்டி, ஃபேனைத் துடைத்து, மைக்கைப் பிடுங்கி என் துணிப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரை எடுத்துப் போகவில்லை. அது ஹாலிலேயே இருக்கட்டும். அப்பாவுக்குப் பொழுது போயிடும்.

உன் அம்மா